0.28 கிராம் செம்பு

காரைக்குடியில் முதல் செமஸ்டர் முடிந்தது. கணக்கு ஒருவழியாகப் பிடிபட்டது. வரைபடப் பாடத்தில்தான் ரொம்பத் திணறினேன். மனதில் நிற்பது லேப்.

காப்பர் சல்பேட் கரைசலில் தகட்டைத் தொங்கவிட்டு, அரை ஆம்பியர் மின்சாரம், 30 நிமிடம். பாயும் மின்சாரத்துக்கு ஏற்ற அளவில்தான் உலோகம் படியும் என்ற ஃபாரடே விதிப்படி 0.296 கிராம் செம்பு படியவேண்டும். கழுவி உலர்த்தி எடை போட்டேன்: 0.28! சந்தோஷத்தில் கை நடுங்கியது. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்த ஊரில் இதைப் படிக்கிறேன் என்பதே எனக்குப் பெருமை.

அப்புறம், லீவில் தேவகோட்டைக்குப் போனதும் அப்பத்தாவிடம் சொன்னேன், சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது என்று. அப்பத்தா வீட்டின் உள்முற்றமான வளவின் சுவரை மெதுவாகத் தடவினார்.

"எங்க மாமியா காலத்துப் பூச்சு. இன்னும் இறுகிக்கிட்டுத்தான் இருக்குன்னு சொல்லு."