முகம் முதல் துய்த்தல் வரை

உயர்தர வகுப்பில் சிறுகதையின் கூறுகள் என்று கதைப்பின்னல், பாத்திரவார்ப்பு, நோக்குநிலை, உச்சக்கட்டம் எனப் பட்டியலாகக் கொப்பியில் எழுதித் தந்திருந்தார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தோணியேறிப் பள்ளிக்கு வரும் எனக்கு எல்லாம் மனப்பாடம். விளங்கியது ஒன்றுமில்லை.

ஒருநாள் தமிழ் சேர் என்னை எழுப்பினார். "மனே, உங்கட வேளாண்மை இப்ப என்ன பருவம்?"

"குடலை, சேர். கதிர் இன்னும் வெளிய வரல்ல."

"அதுதான் கருப்பம்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார், நாடகக் கதை வளர்வதை ஐந்து சந்தியாக, அதாவது ஐந்து கட்டமாகச் சொல்கிறார். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். நாற்றாவது பிரதிமுகம். உள்ளே பொருள் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தாழ்வது விளைவு. அறுத்து, போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கிய மதங்க சூளாமணி 1926இல் வந்தது. அதிலும் இந்த மரபு உண்டு என்றார் சேர். சூடடிக்கும் களத்தில் வைக்கோலில் புரண்டு வளர்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன விளக்கம் வேண்டும்? அன்றிலிருந்து எந்தச் சிறுகதையை எடுத்தாலும், வித்து எங்கே விழுந்திருக்கிறது என்று முதற் பக்கத்திலேயே தேடுவேன்.

"வெள்ளம் வந்தது, எருமை செத்தது, சின்னையா கடன்பட்டார். இது கதை. சின்னையா ஏன் தங்கச்சிர கலியாணத்துக்கு வரல்ல எண்டு தொடங்கி வெள்ளத்துக்குப் போனா, அது பின்னல்" என்பார் சேர்.

அப்புறம் நோக்குநிலை. அதே கதையைக் கடன் கொடுத்த போடியார், அதாவது ஊரின் பெரிய வயற்காரர், 'நான்' என்று சொல்வதாக எழுதிவரச் சொன்னார். எனக்குப் போடியார் என்றாலே ஆகாது. எழுத எழுத, அந்த ஆளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. கதைசொல்லி வேறு, எழுதுபவர் வேறு என்பது குப்பி விளக்கடியில் அன்றிரவுதான் பிடிபட்டது.

போன மாதம் இங்கே டொராண்டோவில், மகள் தன் பாடத்துக்காகக் கதைப்பின்னல் என்றால் என்னவென்று கேட்டாள். அண்ணன் ஊரிலிருந்து அனுப்பிய வயல் படத்தைக் கைபேசியில் காட்டி, ஐந்தையும் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது இப்ப எதில நிக்குது அப்பா?"

"குடலையில, மகள்."