பெட்டிக்குள்ள அரை மணி நேரம்

சின்னவன் ட்யூஷன்ல இருக்கற நேரம் எனக்கு இன்ஃப்ராரெட் சானா. அதாவது, அகச்சிவப்புக் கதிர் சூட்டுல உக்காந்து வேர்க்கற, பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. ஃபின்லாந்து சானா மாதிரி 80, 90 டிகிரி அனல் இல்ல, 50, 60தான். காத்தை விட உடம்பைத்தான் நேரா சூடாக்கும். கொஞ்ச நேரத்துல முதுகுல வேர்வை கோடு கோடா இறங்கும், கழுத்துப் பிடிப்பு இளகும். போனை வெளிய வச்சிடணும், அதுவே பாதி வைத்தியம்! "அம்மா, என் சாக்ஸ் எங்க?"ன்னு யாரும் கேக்க முடியாது.

"நச்செல்லாம் வெளியேறும்"னு சுவத்துல ஒட்டியிருக்காங்க. சும்மா. வேர்வைல பெரும்பாலும் தண்ணியும் உப்பும்தான்; நச்சைக் கவனிக்கறது கல்லீரலும் சிறுநீரகமும். இதயத்துக்கு நல்லதுன்னு எல்லாரும் காட்டற 2015 ஃபின்லாந்து ஆய்வு அந்தப் பழைய அனல் சானா பத்தினது. அதுவும் ஆம்பளைங்கள மட்டும் வச்சு. அதுல அம்மாக்களை யாரு கணக்குல எடுத்தா?

கர்ப்பமா இருந்தா வேண்டாம். பிபி மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க. வந்ததும் ஒரு சொம்பு நீர்மோர், உப்பு தூக்கலா.