மண்ணுக்குக் கீழே ஒரு வகுப்பு

2024 செப்டம்பர் 14

பனம்பழக் காலம் முடியப் போகிறது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, சூப்பிப் போட்ட பனங்கொட்டைகளை அடுக்கினோம். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "ஆண்டு விழாவுக்குச் சிற்பம் செய்றேன்னீங்களே சார்?" இதுதான் சார் அது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் மனதில் இருப்பது 'கல்வி மரம்'. தெர்மாகோலில் அடிமரம், பச்சைச் சார்ட்டில் இலைகள், இலைக்கு ஒன்றாக 'ஒழுக்கம்', 'உழைப்பு', 'வெற்றி'. ஓவிய ஆசிரியனாக வந்த நாளிலிருந்து இப்படி எத்தனையோ வெட்டி ஒட்டிவிட்டேன். இனி முடியாது.

அக்டோபர் 19

ஒரு கொட்டையைத் தோண்டி அரிவாளால் பிளந்தோம். உள்ளே பூரான்: முளைவிட்ட கொட்டைக்குள் பஞ்சு போலிருக்கும் இனிப்பான சதை. படம் வரையும் முன்பே பாதியைத் தின்றுவிட்டார்கள். சரி, மீதியை வரைந்தோம்.

பனை முளைக்கும் விதம்தான் எனக்கு வேண்டிய விஷயம். முளை வெளியே வந்ததும் மேலே போகாது, நேராகக் கீழே இறங்கும். கொட்டையிலிருந்த பருப்பைப் பூரான் உறிஞ்சிக் கீழே அனுப்ப, அங்கே மாவு சேர்ந்து கிழங்காகிறது. அதற்குப் பிறகுதான் ஒற்றைக் குருத்து மண்ணைக் கிழித்து எட்டிப் பார்க்கும். அப்புறமும் வடலியாகவே பல வருடம் கிடக்கும். மேலே நின்று மதிப்பெண் போட்டால் பனை எல்லாப் பருவத்திலும் ஃபெயில்தான்.

நவம்பர் 9

சுடுமண்ணில் பனங்கிழங்குகள் செய்யலாம் என்று, மண் குதிரைகள் செய்யும் குயவர் வேளார் அண்ணன் வீட்டில் மண் மிதித்தோம். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்தார். கிழங்கு வடிவம்தானே என்று பிள்ளைகள் கெட்டியாக உருட்டத் தொடங்க, அவர் கத்தினார்: "வாத்தியாரே, உள்ளே கூடு விடச் சொல்லுங்க. சூளையில வெடிச்சா பக்கத்துல இருக்கிறதும் போயிரும்." ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். குதிரை செய்கிறவருக்குக் கிழங்கு பெரிய வேலையா? மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கிக் காட்டிக்கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் இல்லாமல் வெளியே கற்றுக்கொண்ட ஒன்றை ஈர மண்ணில் பதிக்கச் சொன்னேன். தூண்டில் முள், பூ கட்டிய நார், சைக்கிள் செயின். ஒருவன் பஸ் டிக்கெட்டை அழுத்தினான். தனியாகப் புதுக்கோட்டை போய் வந்தானாம்.

டிசம்பர் 1

புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. இங்கே மழை பெரிதாக இல்லை, வெயிலும் இல்லை. கிழங்குகள் நிழலில் மெல்லத்தான் காய வேண்டும், ஆனால் இப்படி நமுத்துப் போனால் எப்போது சுடுவது?

உட்கார்ந்து யோசஃப் பாய்ஸைப் படித்தேன். ஜெர்மன் சிற்பி, டுசெல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியர். இடம் மறுக்கப்பட்ட மாணவர்களையும் தன் வகுப்பில் சேர்த்ததற்காக 1972இல் வேலை போனது. 1982இல் காசெல் நகரத்தில் '7000 ஓக்குகள்' என்ற பெயரில் 7000 மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார். மரத்துக்கு ஒரு பசால்ட் கல் (எரிமலைப் பாறை), பக்கத்திலேயே நட்டு. முதலில் கல்தான் பெரிதாகத் தெரியும், பிறகு மரம் தாண்டிப் போகும். கல் அப்படியே நிற்கும். 1986இல் இறந்தார். கடைசி மரம் 1987இல் நடப்பட்டது. முடிந்ததைப் பார்க்காத சிற்பி. ஆசிரியர் வேலையில் அது புதிதில்லை, வருடா வருடம் நடப்பதுதான்.

2025 ஜனவரி 12

பாத்தியைப் பிரித்தோம். பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு கிழங்கு. ஒரு வரிசையை மட்டும் தோண்டாமல் விட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார்கள். குருத்து வரட்டும் என்றேன். வீணாகிறதே என்று கணக்கு டீச்சருக்கு வருத்தம்.

ஜனவரி 24

பூட்டிக் கிடந்த வகுப்பறையில் ஏழடி உயரத்தில் மூங்கில் தட்டியைக் கட்டி, மேலே மணல் பரப்பினோம். அதுதான் தரை. அதிலிருந்து கயிற்றுப் பின்னலில் சுடுமண் கிழங்குகள் தொங்குகின்றன, பிள்ளைகளின் முகத்துக்கு நேராக. அறைக்குள் வந்தால் மண்ணுக்குக் கீழே வந்தாயிற்று. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க ஓர் ஏணி: ஏறினால் வெறும் மணல்.

தலைமையாசிரியர் ஏறினார். "மரம் எங்கே சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் டிக்கெட் பையன் முந்திக்கொண்டான்: "கீழே வாங்க சார், என்னுது காட்றேன்."

இறங்கி வந்தார். டிக்கெட்டின் பதிவைத் தடவிப் பார்த்து, எந்த பஸ்ஸில் போனாய், மாறி ஏறினாயா, யார் அனுப்பியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றார். ஆறாவது பீரியட் மணி அடித்துவிட்டது.

மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு இந்த அறை வேண்டுமாம். பிப்ரவரி கடைசியில் பிரித்து, அவரவர் கிழங்கை அவரவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தட்டியை வேளார் அண்ணன் கேட்டிருக்கிறார்.