தாங்கும் என்று சொன்னேன்

"தம்பி, அன்னிக்கு அந்தப் பையன் உங்ககிட்ட என்னமோ கேட்டானே, என்ன அது?"

சார் இதைக் கேட்டபோது ஹால் முழுக்கத் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய துணியால் தரையை ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். நான் மீன் தொட்டிக்குள் குனிந்து பெரிய கல்லைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்கூட வேலைக்கு வருகிற அந்தப் பையன் எனக்குப் பின்னால் மீன் வாளியோடு நின்றான்.

"அது வேற விஷயம் சார்" என்றேன்.

வேற விஷயம் இல்லை. அதே விஷயம்தான். ஐந்து மாதம் ஆகிறது. இன்னமும் புதுத் தொட்டி ஒன்றில் மணல் கொட்டும்போதெல்லாம் அந்த நாலு வார்த்தை வந்து நிற்கிறது.

பையன் கேட்டது இதுதான்: "அண்ணே, கல்லுக்கு அடியில ஒண்ணும் போடலையா?" தொட்டி வைக்கப் போன முதல் நாள். சார் எதிரிலேயே கேட்டான். தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் போட்டிருந்தோம். அது எல்லோரும் போடுவதுதான், மேடு பள்ளம் இருந்தால் வாங்கிக்கொள்ளும். அவன் கேட்டது உள்ளே. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மணல் இருக்குல்ல, போதும்டா" என்றேன். அப்புறம் சார் கேட்டார், "தாங்குமா தம்பி?" "தாராளமா தாங்கும் சார்."

கொளத்தூரில் 14 வருடம் தொட்டி ஒட்டியிருக்கிறேன். தாங்கும் என்று சும்மா சொல்லவில்லை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லிட்டர். அடிக்கண்ணாடி 10 மி.மீ. கால் டன் தண்ணீரைத் தாங்குகிற கண்ணாடி மூன்று கல்லைத் தாங்காதா? பெரிய கல் 22 கிலோ. அதுவும் கருங்கல் தண்ணீருக்குள் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்துவிடும். 22 கிலோ 14 கிலோ மாதிரிதான் உட்காரும். கணக்கு சரி. இப்போது போட்டுப் பார்த்தாலும் சரிதான்.

ஆனால் தண்ணீர் பரவி உட்காருகிறது. ஒன்றரை அடித் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் வைக்கிற பாரம் 45 கிராம்தான். கல் அப்படி உட்காராது. கரடுமுரடான கல் மூன்று முனையில்தான் நிற்கும். ஒவ்வொரு முனைக்கும் நாலைந்து கிலோ, அதுவும் துவரம்பருப்பு அகல இடத்தில். எவ்வளவு எடை என்று சார் கேட்கவே இல்லை. தாங்குமா என்று கேட்டார். நான் எடையைப் பற்றிப் பதில் சொன்னேன்.

அந்தக் கற்கள் அவர் ஊர்க் கிணற்றடிக் கற்கள். பூர்வீக வீட்டை விற்றபோது கிணற்றை மூடிவிட்டார்களாம். அதற்கு முன்பே விளிம்புக் கல்லில் மூன்றை உடைத்து எடுத்து வந்திருந்தார். பெரிய கல்லில் கயிறு உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கட்டை விரலை வைத்தால் சரியாகப் பொருந்தும். உள்ளே வழவழவென்று, எண்ணெய் தேய்த்த மாதிரி. அந்தப் பள்ளம் முன்பக்கம் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. அதற்காகக் கல்லைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்தினேன். முதலில் மணல், மணலுக்கு மேல் கல்.

மீன்கள் மலாவி சிக்லிட். ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழ்கிற இனம். அவர் கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. நான்தான் சொல்லி வாங்க வைத்தேன். இந்த மீன் மணலை வாயில் அள்ளி நாலு விரல் தள்ளிப் போய்த் துப்பும். நாள் முழுக்க அதுதான் வேலை. கல்லுக்கு அடியில் பள்ளம் பறிக்கும். அதனால் சிக்லிட் தொட்டியில் கல்லை முதலில் கண்ணாடி மேல் ஒரு ஷீட் போட்டு உட்கார வைத்து, மணலைச் சுற்றிலும் கொட்ட வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாற்றிச் செய்தேன். மணலில் புதைத்தால் கல் சாய்ந்த வாக்கில் சுலபமாக நிற்கும். அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே தெர்மாகோல் போடுவது எனக்குப் பிடிக்காது, அதற்குக் காரணமும் இருக்கிறது. சிக்லிட் மணலைத் தோண்டித் தெர்மாகோல் வரைக்கும் போய்க் கொத்தும். வெள்ளை உருண்டைகள் பிய்ந்து மிதக்கும், ஃபில்டரில் போய் அடைக்கும். இரண்டு வீட்டில் பட்டிருக்கிறேன். பையன் கேட்டபோது என் மனதில் ஓடியது இதுதான். இதை அவனுக்குச் சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி கேட்டிருப்பான்: "அப்ப வேற ஏதாவது போடலாமாண்ணே?" போடலாம்தான். 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட் ஒரு துண்டு, மிதக்காமல் இருக்க மூலைக்கு ஒரு பொட்டு சிலிக்கான் பசை. கடையில் வெட்டிய துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஆனால் சிலிக்கான் காய ஒரு நாள் விடவேண்டும், மறுநாள் திரும்பி வர வேண்டும். அதுவும் மனதில் ஓடியதா? ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன் சார் முன்னால் கேட்டுவிட்டான் என்பதும் இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு சார் போன் செய்தார். போனபோது தொட்டியில் நாலு விரல் தண்ணீர்தான் மிச்சம். பன்னிரண்டு மீனில் மூன்று போய்விட்டது. கீழ் வீட்டுக் கூரையிலும் ஈரம் இறங்கியிருந்தது. கல்லை எடுத்துவிட்டு மணலைக் கையால் ஒதுக்கினேன். பெரிய கல்லின் முனை இருந்த இடத்தில் கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. அதில் ஒரு மணல் பரல் நசுங்கி வெள்ளை மாவாக ஒட்டியிருந்தது. அங்கிருந்து பின் மூலை வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

இரண்டு நாள் முன்னால், சண்டை போட்ட ஒரு மீனைப் பிடிக்கக் கல்லைச் சாய்த்துப் பிடித்து மறுபடி விட்டதாக சாரே சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "அதுல அடி விழுந்திருக்கும் சார்" என்றேன். உண்மையாகவும் இருக்கலாம். மீன் பறித்த பள்ளத்தில், மணல் பரல் மேல், 14 கிலோ 'ணங்' என்று இறங்கியிருந்தால் அந்தச் சில்லு வந்துதான் இருக்கும். ஷீட் இருந்திருந்தால் அந்த அடியை வாங்கியிருக்குமா? பாதியாவது வாங்கியிருக்கும். முழுக்க வாங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு கனத்தைக் கையால் தூக்கிப் போட்டால் ஷீட்டையும் மீறிக் கண்ணாடி போவதுண்டு. இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உடனே அவர் கேட்ட கேள்வி வந்துவிடும்.

என்ன அது என்றுதானே கேட்டார்? சண்டைக்கு வரவில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு பையன் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. "கல்லுக்கு அடியில ஷீட் போடலையான்னு கேட்டான் சார், நான் வேண்டாம்னுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருக்க மாட்டார். புதுத் தொட்டிக்குக் கூலி வாங்கவில்லை, கண்ணாடி விலை மட்டும்தான் வாங்கினேன். அதை என் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு அவர் இரண்டு பேரை என்னிடம் அனுப்பியும் வைத்தார். கிணற்றுக் கல் இப்போது ஷீட் மேல் உட்கார்ந்திருக்கிறது, பள்ளம் முன்பக்கம் தெரிய. "இது என்ன புதுசா?" என்று கேட்டார். "ஒரு பாதுகாப்புக்கு சார்" என்றேன். சொல்ல இரண்டாவது வாய்ப்பும் அதோடு போனது.

கண்ணாடி போனதைவிட, மீன் போனதைவிட, வாளியோடு நின்ற பையனின் முகம்தான் எனக்கு இன்னும் தீரவில்லை. "அது வேற விஷயம்" என்று நான் சொன்னபோது வாயைத் திறக்கவில்லை. வண்டியிலும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஓயாமல் கேட்டுக்கொண்டே வருவான்: ஏன் இந்த மீன் மேலேயே நீந்துது, ஏன் சிலிக்கான் நாறுது, ஏன் வைரக் கட்டரை ஒரே தடவைதான் இழுக்கணும். எரிச்சலாகக்கூட இருக்கும்.

இப்போது கல் வைக்கிற எல்லாத் தொட்டியிலும் ஷீட் போடுகிறோம். வெட்டுவது அவன்தான். போன வாரம் ஒரு சின்னத் தொட்டி, இரண்டடி. உள்ளே ஒரு மரக்கட்டையும் கைப்பிடி கூழாங்கல்லும் மட்டும். ஷீட்டே தேவையில்லை. அவன் அளவெடுத்து, வெட்டி, நாலு மூலையிலும் சிலிக்கான் பொட்டு வைத்து முடித்திருந்தான். "இது எதுக்குப் போடுறோம்னு தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"நீங்க போடச் சொன்னீங்கண்ணே" என்றான்.