மூன்று ஃபுல் டாஸும் திரும்பி நின்ற ‘கே’யும்

அமெரிக்காவின் அனாஹைமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், உள்ளூர் பேஸ்பால் அணியான ஏஞ்சல்ஸின் ஆட்டங்களை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் பார்த்துவருபவர். கல்லூரிக் கிரிக்கெட் அணியில் நான் தொடக்க ஆட்டக்காரன் என்று அவரிடம் வாயை விட்டிருக்கக் கூடாது. சென்ற ஞாயிறன்று என் கையில் உருண்டை மட்டையைத் திணித்து, சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்த சுவருக்கு முன் நிற்கவைத்து, மூன்று பந்துகளை வீசினார். மூன்றுமே ஃபுல் டாஸ். முதல் இரண்டுக்குக் காற்றை வெளுத்து வாங்கினேன். மூன்றாவது வெளியே போகிறது என்று கணித்து, மட்டையை உயர்த்திக் கண்ணியமாக விட்டுவிட்டேன். அது கட்டத்தின் நட்டநடுவில் பட்டது.

பெரியவர் தம் குறிப்பேட்டில் ஆங்கிலக் ‘கே’ எழுத்தை இடவலம் திருப்பி எழுதினார். மட்டையை வீசித் தவறவிட்டோ, கட்டத்துக்குள் வந்த பந்தை விட்டுவிட்டோ மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்டானால் அது ஸ்ட்ரைக்அவுட்; அதற்குக் குறி ‘கே’. மட்டையை வீசாமல் வேடிக்கை பார்த்து அவுட்டானால் திரும்பி நிற்கும் ‘கே’யாம்.

“சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவரட்டுமா?” என்று சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி கேட்டதை மொழிபெயர்த்துத் தொலைத்தேன். பெரியவருக்கு 1973 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூலை 15 அன்று டெட்ராய்ட்டில், ஏஞ்சல்ஸின் பந்துவீச்சாளர் நோலன் ரையன் 17 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளத்தை எட்டுவது) கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். கடைசி இன்னிங்ஸில் எதிரணியின் நார்ம் கேஷ் மட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்காலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாராம். நடுவர் ரான் லூசியானோ திருப்பி அனுப்ப, முறையான மட்டையோடு வந்தும் பந்தை வானத்துக்கு ஏற்றிக் கேட்ச் கொடுத்தார். அந்தப் பருவத்தில் ரையனின் ஸ்ட்ரைக்அவுட்கள் 383; ஏஞ்சல்ஸ் ஆடும் அமெரிக்கன் லீக்கில் இரண்டாமிடம் பிடித்த பெர்ட் பிளைலெவனுக்கு 258தான். 1965இல் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபேக்ஸ் எடுத்த 382ஐ ரையன் முறியடித்ததும், கடைசியாகப் பந்துவீசிய ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில், அந்த ஒற்றை விக்கெட்டால்தான் (விக்கெட் என்று சொன்னதற்குப் பெரியவர் முறைத்தார்).

“கோஃபேக்ஸின் காலத்தில் பந்துவீச்சாளர்களும் மட்டை பிடித்தார்கள். 1973இல்தான் அமெரிக்கன் லீக்கில் அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் அடிக்கலாம் என்ற விதி வந்தது. ஆகவே ரையனுக்கு உன்னைப் போன்றவர்கள் கிடைக்கவில்லை” என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்குள் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் குறிப்பேட்டை எடுத்து, தாத்தா ‘கே’யைத் தப்பாக எழுதியிருக்கிறார் என்று ரப்பரால் அழித்துச் சரியாக எழுதிவைத்துவிட்டான். பெரியவர் கண்ணாடியை மாட்டி அதை உற்றுப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஆவணத்தின்படி, மூன்றாவது பந்துக்கும் நான் மட்டையை வீசியிருக்கிறேன்.