மூக்குத்தூள் வாங்க வருகிற இரண்டு பேர்

6 மார்ச் 2024

இன்றோடு நாற்பது வருசம். 20 சுரங்கங்களை மூடப்போகிறோம், 20,000 பேருக்கு வேலை இல்லை என்று தேசிய நிலக்கரி வாரியம் சொன்னது 1984இல் இதே நாள்தான். அதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருசம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்கள் கடை நடத்தும், இங்கிலாந்தின் இந்த நொட்டிங்ஹாம்ஷயர் ஊரில் இப்போது சுரங்கம் கிடையாது. மூக்குத்தூள் மட்டும் இன்னும் விற்கிறது. கீழே வாயு பற்றிவிடும் என்று சிகரெட்டுக்கும் நெருப்புப்பெட்டிக்கும் தடை. அந்தக் காலத்துப் பழக்கம்.

வாங்குகிறவர்கள் இரண்டு கிழவர்கள். ஒருவர் காலமை வருவார், வேலைநிறுத்தம் நடத்திய தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கமான பழைய என்.யூ.எம். மற்றவர் பின்னேரம், வேலைக்குப் போனவர்கள் 1985இல் பிரிந்துபோய்த் தொடங்கிய யூ.டி.எம். சங்கம். தப்பித்தவறி ஒரே நேரத்தில் வந்தால் பிந்தி வந்தவர் மழையென்றாலும் வெளியில் நிற்பார். “நீ ஒன்றும் கேட்காதை” என்பார் என் வீட்டுக்காரர். நான் கேட்பேன். இலங்கையில் ஒரே நோக்கத்துக்காகக் கிளம்பிய தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எப்படிக் கேட்காமல் இருக்க முடியும்?

9 மார்ச்

காலமைக்காரர் காசு எண்ணும்போது கையைப் பார்த்தேன். வெட்டுக்காயத்துக்குள் கரித்தூள் போய், மேலே தோல் மூடி, நீலக் கோடுகளாக நிற்கிறது. பின்னேரக்காரரின் கையிலும் அதே நீலம்.

15 மார்ச்

1984இல் டேவிட் ஜோன்ஸ் இறந்த நாள். வயது 24. வேலைநிறுத்தத்தில் நின்ற யோர்க்ஷயரிலிருந்து இந்த மாவட்டத்து ஒல்லெர்ட்டன் சுரங்க வாசலுக்கு மறியலுக்கு வந்த பிள்ளை. அந்த வாரமே நொட்டிங்ஹாம்ஷயர்க்காரர் தங்களுக்குள் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 73 வீதம் பேர் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள்.

பின்னேரக்காரர் இன்றைக்கும் அதையே சொன்னார்: “நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்திருந்தால் நானும் வெளியில் வந்திருப்பேன்.” என்.யூ.எம். தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். தட்சர் அரசு நிலக்கரியைக் குவித்து வைத்துக் காத்திருந்த நேரத்தில், வேலைக்குப் போனவர்களின் கையில் அந்தக் காரணத்தைக் கொடுத்திருக்கக் கூடாது.

16 மார்ச்

காலமைக்காரரிடம் வாக்கெடுப்புக் கதையை எடுத்தேன். இந்த மாவட்டத்தில் வருசம் முழுக்க வேலைக்குப் போகாமல் நின்ற சிறுபான்மையில் அவர் ஒருவர். “1977ஐ அவரிடம் கேள்” என்றார்.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். அந்த வருசம் உற்பத்திக்கு ஏற்ற ஊக்கத்தொகைத் திட்டத்தை நாடு தழுவிய வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் நிராகரித்தார்கள். கரி தடிப்பாகக் கிடக்கும் சுரங்கத்தில் இருப்பவனுக்கு நல்ல காசு, மெல்லிய படுக்கையில் குனிந்து வெட்டுபவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் பயம். ஆனாலும் மாவட்டங்கள் தனித்தனியாக அதை ஏற்றன. முன்னுக்கு நின்றது நொட்டிங்ஹாம்ஷயர். தங்களுக்குப் பிடிக்காத வாக்கெடுப்பை அன்று ஒதுக்கிவிட்டு, ஏழு வருசம் கழித்து வாக்கெடுப்பு எங்கே என்று கேட்டால் யோர்க்ஷயர்க்காரனுக்குக் கோபம் வராதா?

அதற்கும் முன்னால் 1926இலும் ஜோர்ஜ் ஸ்பென்சர் இங்கேதான் போட்டிச் சங்கம் தொடங்கினார். 1937இல் திரும்பச் சேர்ந்தார்கள்.

24 மார்ச்

பின்னேரக்காரரிடம் 1977ஐக் கேட்டேவிட்டேன். கோபிக்கவில்லை. “எனக்கு அப்போது சின்னப் பிள்ளைகள்” என்றார். பிறகு அவராகவே 1992க்குப் போனார். வேலைநிறுத்தம் நடந்தபோது இவர்களைத் தலையில் தூக்கி வைத்த அதே கட்சியின் அரசு, அந்த ஒக்டோபரில் 31 சுரங்கங்களை மூடுவதாக அறிவித்தது. யூ.டி.எம். சுரங்கங்களும் பட்டியலில். அவர்களின் தலைவர் ரோய் லிங்க் சில்வர்ஹில் சுரங்கத்துக்குள் இறங்கி, மேலே வரமாட்டேன் என்று நாள்கணக்கில் இருந்து பார்த்தார். பலனில்லை. இந்த மாவட்டத்தில் கடைசியாக நின்ற தோர்ஸ்பி 2015இல் மூடியது.

“விசுவாசத்துக்குக் கூலி கிடைக்கும் என்று நம்பினோம், பிள்ளை” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்படியே அரசு பக்கம் திரும்பிவிட்டது.

31 ஒக்டோபர் 2024

நேற்றைய வரவுசெலவுத் திட்டத்தில் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியிலிருந்து அரசு வைத்திருந்த 150 கோடி பவுண் திரும்பக் கொடுபடுகிறது. 1,12,000 பேருக்கு ஓய்வூதியம் 32 வீதம் கூடும், சராசரி வாரம் 29 பவுண். சங்கம் எதுவென்று பார்க்காத நிதி அது. காலமைக்காரருக்குச் சந்தோசம். “செத்துப்போனவர்களுக்கு யார் கொடுப்பது?” என்றும் கேட்டார். பின்னேரம் வந்தவரும் அதையேதான் கேட்டார்.