உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் உருகுமா, லேட்டா உருகுமா? வீட்ல செஞ்சு பார்த்தது

ரெண்டுமே நடக்குது. ஐஸ் மேல உப்பைத் தூவினா உடனே உருக ஆரம்பிக்குது, ஆனா அதே ஐஸை உப்புத்தண்ணி டம்ளர்ல போட்டா நல்ல தண்ணில போட்டதை விட மெதுவாத்தான் உருகுது. சென்னை வெயில்ல ஐஸோட விளையாடுறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல, அதான் இறங்கிட்டேன்.

முதல்ல ரெண்டாவது விஷயம், ஏன்னா அதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல கேன் தண்ணி, இன்னொண்ணுல அதே தண்ணில கல்லுப்பு நிறைய போட்டு கரைச்சது. உப்பு கரையும்போது தண்ணி லேசா குளிர்ந்துடும், அதனால கொஞ்ச நேரம் அப்படியே வச்சு ரெண்டும் ரூம் சூட்டுக்கு வந்தப்புறம்தான் ஐஸ் போடணும். ஐஸ் ட்ரேல தண்ணி ஊத்தும்போதே சிவப்பு கேசரி கலர் கலந்துட்டேன், அதுலதான் குட்டு வெளிப்பட்டுச்சு. நல்ல தண்ணில சிவப்பு கோடு கோடா கீழ இறங்கி கொஞ்ச நேரத்துல டம்ளர் முழுக்க ரோஸ் மில்க் கலர். உப்புத்தண்ணில சிவப்பு மேலேயே ஒரு பட்டையா நின்னுடுச்சு, கீழ பளிங்கு மாதிரி தெளிவு. அதாவது உருகி வர்ற தண்ணி ஜில்லுன்னு இருந்தாலும் அதுல உப்பு இல்ல, உப்புத்தண்ணியை விட லேசு, அதனால கீழ இறங்காம ஐஸைச் சுத்தியே நிக்குது, கீழ இருக்கற வெதுவெதுப்பான தண்ணி ஐஸ்கிட்ட வரவே முடியல. நல்ல தண்ணி டம்ளர்ல ஐஸ் காணாம போனப்போ இதுல பாதிக்கு மேல அப்படியே மிதந்துட்டு இருந்துச்சு. ஸ்பூனை விட்டு கலக்கினா கதை முடிஞ்சுது, அதுவும் மடமடன்னு உருகிடும்.

அடுத்தது குல்ஃபி. அம்மா பார்த்துட்டு, "ஏன்டா, உப்பைப் போட்டா ஐஸ் தண்ணியாயிடும், அப்புறம் பால் எப்படிடா உறையும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா ராத்திரி மணி அடிச்சுட்டு வர்ற குல்ஃபிக்காரர் பானைல இருக்கறதும் ஐஸும் உப்பும்தானே.

ஐஸை சாக்குப்பைல போட்டு சுத்தியலால தட்டி நொறுக்கி, மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புனு எடை பார்த்து அடுக்கடுக்கா பக்கெட்ல போட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின டிஜிட்டல் தெர்மாமீட்டர் வெறும் ஐஸ்ல 0 காட்டினது, உப்பு போட்டதும் மளமளன்னு இறங்கி மைனஸ் 14 வரைக்கும் போச்சு. கணக்குப்படி எடையில 23 சதவீதம் உப்பு இருந்தா மைனஸ் 21 வரைக்கும் போகலாம், அதுக்குக் கீழ சாதா உப்பால முடியாது. நம்ம ஊர் சூட்டுல திறந்த பக்கெட்ல மைனஸ் 14 வந்ததே பெருசு.

அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: ஐஸ் மேல எப்பவும் மெல்லிசா தண்ணி இருக்கும், 0 டிகிரில ஒரு பக்கம் உருகிட்டும் மறுபக்கம் உறைஞ்சுட்டும் சமமா ஓடுது. உப்பு அந்தத் தண்ணில கரைஞ்சதும் திரும்ப உறையறது குறைஞ்சுடும், உருகறது மட்டும் நிக்காது. உருகறதுக்கு சூடு வேணும், ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கற சூட்டுல ஒரு கிலோ தண்ணியை 0-ல இருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏத்திடலாம். அவ்வளவு சூட்டையும் மிச்ச ஐஸ்கிட்ட இருந்தும் நடுவுல வச்ச பால்கிட்ட இருந்தும்தான் உறிஞ்சுது. சக்கரை போட்ட பால் 0-ல உறையாது, இன்னும் ரெண்டு மூணு டிகிரி கீழ போகணும், அதனாலதான் வெறும் ஐஸ்ல எவ்வளவு நேரம் வச்சாலும் குல்ஃபி ஆகாது. ஐஸ் ஃபேக்டரில பார் ஐஸ் எடுக்கறதும் இப்படித்தான், தண்ணி டின்னை மைனஸ்ல இருக்கற உப்புத்தண்ணி தொட்டில இறக்கி வைப்பாங்க, அந்த உப்புத்தண்ணி உறையாது, டின்ல இருக்கறது உறைஞ்சுடும்.

இங்க ஒரு சைடு டிராக். 1842-ல மெட்ராஸ்ல கட்டின ஐஸ் ஹவுஸ், அதான் இப்ப விவேகானந்தர் இல்லம், அமெரிக்கால ஏரில வெட்டின ஐஸை கப்பல்ல மரத்தூள் போட்டு கொண்டு வந்து வச்ச இடம். ஐஸ் உருகாம இருக்கணும்னா மரத்தூள், ஐஸால இன்னொண்ணை உறைய வைக்கணும்னா உப்பு. ரெண்டும் வேற வேற வேலை.

பக்கெட் வெளிப்பக்கம் நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு வெள்ளையா பனி படிஞ்சுடுச்சு. அக்கா பையன் ஐஸையும் உப்பையும் கைல பிடிச்சு பெட் கட்டப் பார்த்தான், விடல, தோல் வெந்தது மாதிரி புண்ணாயிடும். பாலை எவர்சில்வர் தூக்குல ஊத்தி மூடி, தூக்கை அப்பப்ப திருகிட்டே இருந்தேன், ஓரத்துல உறையறதை கரண்டியால வழிச்சு விடணும், இல்லன்னா ஐஸ் துணுக்கு பல்லுல நறநறங்கும். பிளாஸ்டிக் டப்பால ட்ரை பண்ணாதீங்க, குளிர் உள்ள போறதுக்குள்ள ஐஸ் தீர்ந்துடும். மூடி மட்டும் உப்புத்தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும்.

அரை மணி கிட்ட திருகினதுல சாஃப்டி பதம் வந்துச்சு, கெட்டி குல்ஃபிக்கு இன்னொரு தடவை புது ஐஸ் போட வேண்டியிருந்துச்சு. மிச்ச உப்புத்தண்ணியை செடிக்கு ஊத்தாதீங்க, கருகிடும். நான் மொட்டை மாடில பெரிய தட்டுல ஊத்தி வச்சிருக்கேன், வெயில்ல காஞ்சதும் அந்த உப்பையே அடுத்த பேட்சுக்கு போட்டுக்கலாம்.